ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, காலையில் செத்துக் கிடக்கிறது

கேள்வி: வீட்டில் 8 ஜிபி ரேம் உள்ள மினி பிசி ஒன்றை சர்வராக வைத்திருக்கிறேன். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரில் இரண்டு கண்டெய்னர்கள், அதாவது இரண்டு பெட்டிகள். ஒன்று, இணையப் பக்கங்களில் மாற்றம் வந்தால் தகவல் அனுப்பும் ஆப். பிரவுசரை நிரலால் இயக்கும் பப்பெட்டியர் வைத்து நானே எழுதியது. இன்னொன்று, அந்தப் பக்கங்களைத் திறந்து படமெடுக்கும் ஹெட்லெஸ் குரோமியம், திரையில்லாமல் ஓடும் பிரவுசர். மொத்தம் 60 பக்கங்கள், மணிக்கு ஒருமுறை. தொடங்கியதும் எல்லாம் நன்றாக ஓடுகிறது. சில மணி நேரம் கழித்து 'பேஜ் கிராஷ்டு', 'டார்கெட் குளோஸ்டு' என்று வர ஆரம்பித்து, பிறகு எல்லாமே டைம்அவுட். கண்டெய்னர் மட்டும் 'அப்' என்றே காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். தேடிப் படித்து ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் இப்போது பிரவுசரின் தொடக்க அமைப்பை மாற்றும் ஃபிளாக்குகள் 12; கண்டெய்னருக்கு எல்லா உரிமையும் தரும் பிரிவிலெஜ்டு மோடும் போட்டாயிற்று. கண்டெய்னருக்குள் பார்த்தால் 5 ஜிபி காலியாக இருப்பதாகக் காட்டுகிறது. ரேம் கூட்டினால் தீருமா? தமிழ்ப் பக்கங்களின் படத்தில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நலமா என்று சோதிக்கும் ஹெல்த்செக் போட்டும் கண்டெய்னர் தானாக ரீஸ்டார்ட் ஆவதில்லை. லாக், கண்டெய்னர்களின் அமைப்புகளை எழுதிய காம்போஸ் ஃபைல், ஆப்பின் நிரல் மூன்றும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ரேம் வாங்க வேண்டாம். பிரவுசர் கண்டெய்னருக்கு மெமரி வரம்பு 1 ஜிபி என்று உங்கள் காம்போஸ் ஃபைலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மினி பிசியில் 8 ஜிபி இருந்தாலும் 32 ஜிபி இருந்தாலும் அந்தக் கண்டெய்னருக்குக் கிடைக்கப்போவது அதே 1 ஜிபிதான். உள்ளே போய்ப் பார்த்தபோது 5 ஜிபி காலி என்று காட்டியது மொத்த மெஷினின் கணக்கு. 'ஃப்ரீ' கட்டளைக்குக் கண்டெய்னரின் வரம்பு தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வெளியிலிருந்து 'டாக்கர் ஸ்டாட்ஸ்' கொடுங்கள். எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவுக்குள் ஓட வேண்டும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

அதற்காக வரம்பைத் தூக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் லாக்கைப் படித்ததில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோளாறுகள் தெரிகின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் இன்னொன்று அதே 'டைம்அவுட்' முகத்தோடு வந்து நிற்கும். இத்தனை நாளாக நீங்கள் சுற்றிச் சுற்றி வருவதற்கு அதுதான் காரணம்.

கோளாறுகளுக்குப் போகும் முன் அந்த 12 ஃபிளாக்குகள். அவற்றில் ஒன்றுகூட உங்கள் பிரவுசரைத் தொட்டதில்லை. நீங்கள் அவற்றை எழுதியிருப்பது ஆப் கண்டெய்னரின் சூழல் மாறிகளில். ஆப் பிரவுசரைத் தானே தொடங்குவதாக இருந்தால் அந்த ஃபிளாக்குகள் பயன்பட்டிருக்கும். உங்கள் அமைப்பில் பிரவுசர் வேறொரு கண்டெய்னரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப் அதனோடு போய் இணைந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஓடுகிற பிரவுசரின் தொடக்க அமைப்புகளை இணைந்த பிறகு மாற்ற முடியாது. சில பிரவுசர் இமேஜ்கள் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சுகள்) இணைப்பு முகவரியின் வாலிலேயே ஃபிளாக்குகளை வாங்கிக்கொள்ளும். அது அந்த இமேஜை எழுதியவர்கள் செய்து தரும் வசதி, எல்லாவற்றிலும் இருக்காது.

சந்தேகம் இருந்தால் ஹோஸ்டில், அதாவது மினி பிசியில் இருந்து 'டாக்கர் டாப்' என்று கொடுத்து, பிரவுசர் கண்டெய்னரின் பெயரைச் சேர்த்து ஓட்டுங்கள். உள்ளே ஓடும் ஒவ்வொரு பிராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அதைத் தொடங்கிய முழுக் கட்டளை வரியோடு வந்து விழும். இமேஜுக்குள் 'பிஎஸ்' கட்டளையே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். குரோமியத்தின் முதல் வரியில் இருப்பவை மட்டும்தான் உண்மையில் அமலில் உள்ள ஃபிளாக்குகள். நீங்கள் சேர்த்தவை அங்கே இருக்காது.

ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. உங்கள் பட்டியலில் 'சிங்கிள்-பிராசஸ்' ஒன்று இருக்கிறது. குரோமியம் தாவல்களை (டேப்களை) தனித்தனி பிராசஸாகப் பிரித்து வைப்பதே ஒன்று விழுந்தால் மற்றவை தப்பிக்கட்டும் என்றுதான். அந்த ஃபிளாக் எல்லாவற்றையும் ஒரே பிராசஸில் அடைக்கும். ஒரு பக்கம் கிராஷ் ஆனால் பிரவுசரே போய்விடும். மெமரி மிச்சமாகும் என்று யாரோ எங்கோ எழுதியதை எல்லோரும் நகலெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 12 வரிகளையும் அழித்துவிடுங்கள்.

அடுத்து லாக். நீங்கள் அனுப்பியதில் கடைசி சில நூறு வரிகள் முழுக்க டைம்அவுட். அவை எதையும் சொல்லவில்லை. செத்துப்போன ஒன்றை ஆப் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் இல்லை, அவ்வளவே. அங்கிருந்து மேலே போங்கள். கடைசியாக வெற்றியாக முடிந்த சோதனை எது, அதற்குப் பிறகு வந்த முதல் வித்தியாசமான வரி எது என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் சிவப்பில் குறித்து அனுப்பிய 'டி-பஸ்ஸுடன் இணைய முடியவில்லை' என்ற வரியும், ஜிபியு பற்றிய இரண்டு வரிகளும் பிரவுசர் தொடங்கிய முதல் நொடியிலேயே வந்திருக்கின்றன. எல்லாம் நன்றாக ஓடிய மணி நேரங்களிலும் அவை இருக்கின்றன. கண்டெய்னருக்குள் டி-பஸ் சேவை (நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வழி) கிடையாது, கிராஃபிக்ஸ் கார்டும் தெரியாது; பிரவுசர் ஒருமுறை புலம்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. நல்ல நாளிலும் வருகிற வரி குற்றவாளியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தேடித்தானே பாதி ஃபிளாக்குகள் வந்து சேர்ந்தன?

உங்கள் லாக்கில் அந்த முதல் வித்தியாசமான வரி 'பேஜ் கிராஷ்டு'. அதாவது முதலில் விழுந்தது ஒரு தாவல். பிரவுசரோ நெட்வொர்க்கோ விழவில்லை. 'டார்கெட் குளோஸ்டு' அதன் எதிரொலி. இல்லாத தாவலிடம் ஆப் படம் கேட்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த வரி ஒவ்வொரு தடவையும் முழு மணி அடித்த ஒரு நிமிடத்துக்குள் வருகிறது. கண்டெய்னரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் லாக்கில் உள்ள மணிக்கும் உங்கள் சுவர்க் கடிகாரத்துக்கும் பொருந்தாமல் இருக்கலாம். அது குழப்பியிருக்கும். 60 பக்கங்களும் ஒரே நேரத்தில் திறக்கப்படும் அந்த நிமிடத்தில்தான் அடி விழுகிறது.

தாவல் ஏன் விழுகிறது? இரண்டு காரணங்கள் இருக்க முடியும்; மூன்று கோளாறுகளில் முதல் இரண்டும் இவைதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

முதலாவது, ஷேர்டு மெமரி. குரோமியத்தின் பிராசஸ்கள் படங்களையும் பக்கத்தின் வரைந்த துண்டுகளையும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள 'டெவ்' அடைவுக்குள் இருக்கும் 'எஸ்ஹெச்எம்' என்ற இடத்தைப் பயன்படுத்துகின்றன. சாதாரண லினக்ஸ் மெஷினில் அது பெரும்பாலும் மொத்த ரேமில் பாதி அளவுக்கு இருக்கும். டாக்கர் தன் கண்டெய்னர்களுக்குத் தானாகக் கொடுப்பது 64 எம்பி. ஒரு எளிய பக்கத்துக்கு அது போதும். நீளமான, படங்கள் நிறைந்த பக்கத்தை முழு உயரத்துக்குப் படமெடுக்கும்போது, அதுவும் பக்கத்திலேயே இன்னும் பல தாவல்கள் திறந்திருக்கும்போது, 64 எம்பி எந்த மூலைக்கு? இடம் தீர்ந்ததும் அந்தத் தாவல் அப்படியே கிராஷ் ஆகிறது.

இதை நேரில் பார்க்கலாம். முழு மணி அடிக்கும் முன் பிரவுசர் கண்டெய்னருக்குள் போய், 'டிஎஃப்' கட்டளையை அந்த எஸ்ஹெச்எம் இடத்தின்மேல் ஒவ்வொரு நொடியும் ஓடும்படி வைத்துவிட்டுக் காத்திருங்கள். சும்மா இருக்கும்போது பயன்பாடு சொற்பமாக இருக்கும். மணி அடித்ததும் சதவீதம் ஏறத் தொடங்கும். 100ஐத் தொட்டு, அடுத்த கணமே சடாரென்று இறங்கினால் அந்த இறக்கம்தான் ஒரு தாவல் செத்த தருணம். ஒரு எச்சரிக்கை: 'எல்எஸ்' கொடுத்து அங்கே ஃபைல் எதுவும் இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். குரோமியம் அங்கே ஃபைலை உருவாக்கிய கையோடு அதன் பெயரை நீக்கிவிட்டு, திறந்த நிலையிலேயே வைத்துப் பயன்படுத்தும். எல்எஸ் கண்ணுக்கு அடைவு காலி. டிஎஃப் மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது காரணம் நீங்கள் வைத்த 1 ஜிபி வரம்பு. கண்டெய்னர் அதைத் தாண்டினால் லினக்ஸின் மையமான கெர்னல், கண்டெய்னருக்குள் இருக்கும் ஏதோ ஒரு பிராசஸைக் கொல்லும். எதைக் கொல்வது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மெமரி நெருக்கடி வந்தால் முக்கியப் பிராசஸை விட்டுவிட்டுத் தாவல்களை முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று குரோமியமே தன் தாவல் பிராசஸ்களின் மதிப்பெண்ணை உயர்த்தி வைத்திருக்கும். அதனால் சாவது தாவல். கண்டெய்னரின் முதல் பிராசஸ் உயிரோடு இருக்கும். டாக்கரைப் பொறுத்தவரை முதல் பிராசஸ் உயிரோடு இருந்தால் கண்டெய்னர் 'அப்'. கண்டெய்னர் விழுந்திருந்தால் 137 என்ற எக்ஸிட் கோடு (பிராசஸ் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) வந்திருக்கும், அது வரவில்லையே, ஆகவே மெமரி பிரச்சினை இல்லை என்று நீங்கள் முடிவு செய்தது இங்கேதான் சறுக்கியது. 137 வருவது முதல் பிராசஸ் கொல்லப்பட்டால் மட்டும்.

இந்த இரண்டில் எது என்று பிரிப்பது எளிது. கிராஷ் நடந்த பிறகு ஹோஸ்டில் 'டிமெசேஜ்' கட்டளையை ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஓட்டி, கெர்னல் லாக்கில் 'மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வரம்பு. அந்த வரி இல்லாமல் எஸ்ஹெச்எம் நிரம்பியிருந்தால் ஷேர்டு மெமரி. உங்கள் விஷயத்தில் இரண்டுமே நடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முதலில் ஒற்றையாக வரும் கிராஷ் முதல் வகை. நள்ளிரவு தாண்டிக் கொத்தாக வருபவை இரண்டாம் வகை.

மருந்து: காம்போஸ் ஃபைலில் பிரவுசர் சேவையின் கீழ் எஸ்ஹெச்எம் அளவை 1 ஜிபி என்று எழுதுங்கள். மெமரி வரம்பை 3 ஜிபி ஆக்குங்கள். எஸ்ஹெச்எம்முக்கு 1 ஜிபி என்றால் அவ்வளவும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு வீணாகும் என்று பயப்பட வேண்டாம். அது உச்ச அளவு மட்டுமே, பயன்படுத்தும்போதுதான் ரேமில் இடம் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் இடம் கண்டெய்னரின் மெமரிக் கணக்கில் சேரும் என்பதால் இரண்டையும் சேர்த்து உயர்த்தச் சொல்கிறேன். ஷேர்டு மெமரியைத் தவிர்த்து தற்காலிக அடைவைப் பயன்படுத்தச் சொல்லும் ஃபிளாக் ஒன்று உண்டு, உங்கள் 12இல் அதுவும் இருந்தது. அது டிஸ்கில் எழுதும். வேறு வழியே இல்லாத இடங்களில் உதவும். காம்போஸ் ஃபைல் உங்கள் கையில் இருக்கும்போது அது தேவையில்லை. ஹோஸ்டின் ஐபிசியையே (பிராசஸ்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் வழி) பகிர்ந்துகொள்ளும் முறையும் பப்பெட்டியர் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டின் ஆவணங்களில் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டு சர்வரில் வேறு சேவைகளும் ஓடும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

ஃபைலை மாற்றிவிட்டு 'ரீஸ்டார்ட்' மட்டும் கொடுத்தால் இந்த மாற்றங்கள் எதுவும் ஏறாது. ரீஸ்டார்ட் பழைய கண்டெய்னரையே பழைய அமைப்போடு மறுபடி எழுப்பும். காம்போஸின் 'அப்' கட்டளையைக் கொடுங்கள், மாற்றத்தைக் கவனித்துக் கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கும். பழைய கண்டெய்னரோடு அதன் லாக்கும் போய்விடும், வேண்டுமென்றால் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உருவாக்கிய பின் மறுபடி டிஎஃப் கொடுத்து 64 எம்பி போய் 1 ஜிபி வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இடத்தைப் பெருக்கியதோடு நிறுத்தினால் பிரச்சினையைத் தள்ளிப்போட்டதாகத்தான் ஆகும். 60 பக்கங்களை ஒரே நொடியில் திறக்க வேண்டிய அவசியம் என்ன? ஒரு தாவல் சில பத்து எம்பியில் இருந்து சில நூறு எம்பி வரை தின்னும்; 60ஐப் பெருக்கிப் பாருங்கள். ஒரே வாசல் உள்ள மண்டபத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பது போலத்தான். ஒரு நேரத்தில் 2 தாவல்களுக்கு மேல் திறக்காதபடி ஆப்பில் ஒரு வரிசை வையுங்கள். ஒரு பக்கத்துக்கு 20 நொடி ஆனாலும் 60 பக்கங்களும் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி 50 நிமிடம் பிரவுசர் சும்மாதான் இருக்கப்போகிறது.

இனி மூன்றாவது கோளாறு. காலையில் எல்லாமே செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் நிரலில் பக்கத்தைத் திறப்பது, காத்திருப்பது, படமெடுப்பது, மூடுவது என்று நேராக எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு பிழை வந்தால் கட்டுப்பாடு நேராகப் பிழையைப் பதிவுசெய்யும் இடத்துக்குத் தாவிவிடுகிறது. மூடும் வரி ஓடுவதே இல்லை. கிராஷ் ஆனால் மட்டுமல்ல, பக்கம் 30 நொடிக்குள் வராமல் டைம்அவுட் ஆனாலும் இதே கதைதான். தாவல் திறந்தபடியே பிரவுசரில் தொங்கும். அதன் விளம்பரமும் ஸ்கிரிப்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு நான்கைந்து பக்கம் இப்படித் தங்கினால் விடியும்போது எத்தனை? நீங்கள் கடைசியில் கூப்பிடும் 'டிஸ்கனெக்ட்' இதைத் துடைக்காது. அது ஆப்பின் இணைப்பை மட்டும் துண்டிக்கும். பிரவுசரும் அதில் திறந்த தாவல்களும் அப்படியே இருக்கும்.

மூடும் வரியை, பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் 'ஃபைனலி' பகுதிக்குள் கொண்டுபோங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு சோதனைக்கும் தனி பிரவுசர் கான்டெக்ஸ்ட் (மற்றவற்றோடு கலக்காத அமர்வு) உருவாக்கி, முடிவில் அந்தக் கான்டெக்ஸ்டையே மூடுங்கள். பக்கம் தானாகத் திறந்த துணைச் சாளரங்களும் அதோடு போய்விடும். பக்கம் முழுமையாக வந்துவிட்டதா என்று அறிய நெட்வொர்க் அமைதியாகும்வரை காத்திருக்கச் சொல்லியிருப்பதையும் மாற்றுங்கள். இப்போதைய பல தளங்கள் பின்னால் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து அரை நொடி முழு அமைதி என்பது அவற்றில் வாய்க்காமலே போகலாம். உங்களுக்கு எந்தப் பகுதி முக்கியமோ அது திரையில் வரும்வரை மட்டும் காத்திருங்கள். உங்கள் டைம்அவுட்களில் பாதியாவது இதிலேயே போய்விடும் என்று எதிர்பார்க்கிறேன்.

கசிவு நின்றதா என்று பார்க்க மறுபடி டாக்கர் டாப். முழு மணிக்கும் அடுத்த முழு மணிக்கும் நடுவில், சோதனை எதுவும் ஓடாத நேரத்தில், 'டைப்' என்பதற்கு 'ரெண்டரர்' என்று போட்ட வரிகளை, அதாவது பக்கத்தை வரையும் தாவல் பிராசஸ்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. அடுத்த மணியும் எண்ணுங்கள், அதற்கடுத்ததும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் எங்கோ இன்னும் மூடாமல் விடுகிறீர்கள்.

அதே பட்டியலில் 'டிஃபங்க்ட்' என்று முடியும் வரிகள் உங்களுக்கு நிறைய இருக்கும். அவை ஜாம்பிகள்: செத்துவிட்டன, ஆனால் கணக்கிலிருந்து யாரும் பெயரை எடுக்கவில்லை. லினக்ஸில் அநாதையான பிராசஸ்கள் முதல் பிராசஸின் பொறுப்பில் வரும். கண்டெய்னரில் முதல் பிராசஸாக இருப்பது ஒரு சாதாரண ஸ்கிரிப்டோ நோடோ என்றால் அதற்கு இந்த வேலை தெரியாது. ஜாம்பி மெமரியைத் தின்னாது. பிராசஸ் எண் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ஒரு கட்டத்தில் புதுப் பிராசஸ் தொடங்க முடியாமல் போகும். காம்போஸ் ஃபைலில் பிரவுசர் சேவையின் கீழ் 'இனிட்' என்பதற்கு 'ட்ரூ' என்று ஒரு வரி சேர்த்தால் டாக்கர் ஒரு சின்ன இனிட் நிரலை முதல் பிராசஸாக வைத்து இதைப் பார்த்துக்கொள்ளும். செலவே இல்லாத வரி. ஹெட்லெஸ் பிரவுசர் கண்டெய்னர் எதுவானாலும் போட்டுவிடலாம்.

பிரிவிலெஜ்டு மோடை இன்றே எடுத்துவிடுங்கள். ஃபிளாக்குகள் பிரவுசரைத் தொடவில்லை என்றேன், இது தொட்டிருக்கிறது. இதை நீங்கள் பிரவுசர் கண்டெய்னரிலேயே போட்டிருக்கிறீர்கள். பிரவுசர் என்பது முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரலை இழுத்துவந்து ஓட்டும் மென்பொருள். அதற்குள் சாண்ட்பாக்ஸ் ஒரு சுவர், கண்டெய்னர் இன்னொரு சுவர். பிரிவிலெஜ்டு இரண்டாவது சுவரைப் பெரும்பாலும் இடித்துவிடுகிறது. ஹோஸ்டின் சாதனங்கள் வரை உள்ளிருந்து எட்டும். டாக்கர் டாப்பில் குரோமியத்தின் முதல் வரியைப் பார்க்கும்போது 'நோ-சாண்ட்பாக்ஸ்' இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிவிலெஜ்டு போடுவதற்கு முன்பும் பிரவுசர் ஓடியது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் உங்கள் இமேஜின் தொடக்க ஸ்கிரிப்டே அதைப் போடுகிறது. பல இமேஜ்கள் போடுகின்றன. டாக்கரின் இயல்பான செக்காம்ப் விதிகள் (கெர்னலிடம் எதைக் கேட்கலாம் என்ற கட்டுப்பாடு) யூசர் நேம்ஸ்பேஸ் (பயனர்களைத் தனியே பிரித்து வைக்கும் எல்லை) உருவாக்குவதைத் தடுப்பதால் குரோமியத்தின் சாண்ட்பாக்ஸ் எழும்பாது. ரூட்டாக ஓட்டினால் இந்த ஃபிளாக் இல்லாமல் குரோமியம் தொடங்கவே மறுக்கும். சுருக்கு வழியாக எல்லோரும் ஃபிளாக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

முறையான வழி, ரூட் அல்லாத பயனராக ஓட்டி, நேம்ஸ்பேஸை அனுமதிக்கும் செக்காம்ப் ஃபைல் ஒன்றைக் கண்டெய்னருக்குக் கொடுப்பது. பிளேரைட் குழு அப்படி ஒரு ஃபைலைத் தங்கள் ஆவணங்களோடு தருகிறது. ஹோஸ்ட் உபுண்டு 24.04 என்றால் அதன் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மரும் அதே நேம்ஸ்பேஸைக் கட்டுப்படுத்தும் என்பதை நினைவில் வையுங்கள். இதெல்லாம் இந்த வாரம் முடியாது என்றால் பரவாயில்லை. ரூட் அல்லாத பயனர், பிரிவிலெஜ்டு இல்லை, ஹோஸ்டின் அடைவு எதுவும் உள்ளே மவுண்ட் (இணைப்பு) இல்லை என்ற மூன்றும் இருந்தால், பொதுப் பக்கங்களை மட்டும் பார்க்கும் உங்கள் வேலைக்கு நோ-சாண்ட்பாக்ஸை நான் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்வேன். பிரிவிலெஜ்டும் நோ-சாண்ட்பாக்ஸும் ஒன்றாக இருப்பதைப் பொறுக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றும் ஃபைலில் கண்ணில் பட்டது. பிரவுசரை வெளியிலிருந்து இயக்க உதவும் 9222 என்ற டிபக் போர்ட்டை வெளியே திறந்துவிட்டிருக்கிறீர்கள். அந்த போர்ட்டை எட்ட முடிந்தவருக்குப் பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை. பிரவுசரை முழுமையாக ஓட்டலாம், குக்கீகளைப் படிக்கலாம், கண்டெய்னருக்குள் உள்ள ஃபைல்களைத் திறந்து பார்க்கலாம். ஃபயர்வாலில் அடைத்திருக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் தனக்கென்று எழுதிக்கொள்ளும் விதிகளின் வழியே போவதால் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் போட்ட தடை அவற்றுக்குப் பொருந்தாது. போர்ட் வரியையே நீக்குங்கள். இரண்டு கண்டெய்னர்களும் ஒரே காம்போஸ் நெட்வொர்க்கில் இருப்பதால் வெளியே போகாமலே பேசிக்கொள்ளும்.

நீக்கிய பிறகு ஆப்பில் சர்வரின் ஐபிக்குப் பதிலாகச் சேவையின் பெயரைக் கொடுப்பீர்கள். அப்போது ஒரு புதுப் பிழை வரலாம், பதற வேண்டாம். கோரிக்கை எந்த முகவரிக்கு என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரில் ஐபி முகவரியோ 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதோ இல்லாவிட்டால் குரோமியத்தின் டிபக் போர்ட் கோரிக்கையை நிராகரித்துவிடும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்தது அது. காம்போஸ் நெட்வொர்க்கில் பிரவுசருக்கு ஒரு நிலையான ஐபி கொடுத்து அதையே ஆப்பில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொரு பிழையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பேச்சைக் கேட்டுக் கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கப்போகிறீர்கள். பிரவுசரின் புரொஃபைல் அடைவை வால்யூமில் (கண்டெய்னர் போனாலும் அழியாத சேமிப்பிடம்) வைத்திருக்கிறீர்கள். 'இந்தப் புரொஃபைலை வேறொரு கணினி பயன்படுத்துகிறது' என்று சொல்லி குரோமியம் தொடங்க மறுக்கலாம். பூட்டு ஃபைலில் பழைய கண்டெய்னரின் ஹோஸ்ட்நேம் எழுதியிருக்கும்; புதுக் கண்டெய்னருக்குப் பெயர் வேறு. பிரவுசரை நிறுத்திவிட்டு, அந்த அடைவில் 'சிங்கிள்டன்' என்று தொடங்கும் ஃபைல்களை நீக்குங்கள். காம்போஸில் ஹோஸ்ட்நேமை ஒரே பெயராக எழுதி வைத்தால் மறுபடி வராமல் இருக்கும். லாகின் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை என்றால் அந்த வால்யூமே வேண்டாம்.

ஹெல்த்செக் போட்டிருந்தும் கண்டெய்னர் தானாக ரீஸ்டார்ட் ஆகவில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். ஆகாது. தனி டாக்கரில் ஹெல்த்செக் 'அன்ஹெல்தி' என்று பலகை மாட்டும், அதோடு சரி. ரீஸ்டார்ட் பாலிசி செயல்படுவது முதல் பிராசஸ் வெளியேறினால்தான். மேலே சொன்னவை எல்லாம் நிலைத்து ஓரிரு வாரம் ஓடிய பிறகு, வாரத்துக்கு ஒருமுறை பிரவுசர் கண்டெய்னரை மட்டும் ரீஸ்டார்ட் செய்யும்படி ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். பிரவுசர் மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் இல்லை, எனக்கு இதில் வெட்கம் கிடையாது. ஆனால் காரணம் தெரியும் முன் வைக்காதீர்கள். ரெண்டரர் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்கவே முடியாமல் போகும்.

கட்டங்களுக்கு வருவோம். கிராஷுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சர்வருக்கான சிறிய இமேஜ்களில் இடத்தை மிச்சப்படுத்தத் தமிழ் எழுத்துரு எதையும் வைத்திருக்க மாட்டார்கள். வரைய எழுத்துரு இல்லாத எழுத்துக்குப் பிரவுசர் கட்டம் போடும். சில தமிழ்த் தளங்கள் மட்டும் சரியாக வருகின்றன என்று எழுதியிருந்தீர்களே, அவை தங்கள் எழுத்துருவைத் தாங்களே பக்கத்தோடு அனுப்பும் தளங்கள். இமேஜ் டெபியன் வகை என்றால் நோட்டோ எழுத்துருக்களின் 'கோர்' தொகுப்பை நிறுவினால் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்துவிடும். இமேஜை மறுபடி கட்ட மனமில்லை என்றால் எழுத்துரு ஃபைல்களை ஹோஸ்டில் ஒரு அடைவில் போட்டு, கண்டெய்னரின் எழுத்துரு அடைவுக்குக் கீழே படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள். ஹோஸ்ட் அடைவு எதையும் மவுண்ட் செய்யாதீர்கள் என்றேனே, படிக்க மட்டுமான எழுத்துருவுக்கு விலக்கு தரலாம். 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளை அதைப் பட்டியலில் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிரவுசரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எமோஜிகள் கட்டமாக வந்தால் அவற்றுக்குத் தனி எழுத்துரு.

எழுத்துரு ஏறிய பிறகு வரும் முதல் சோதனையில் தமிழ்ப் பக்கங்கள் எல்லாவற்றிலும் மாற்றம் வந்துவிட்டதாக ஆப் வரிசையாகத் தகவல் அனுப்பும். பழைய கட்டப் படத்தோடு புதுப் படத்தை ஒப்பிடுவதால் அப்படித்தான் தெரியும். தகவல் அனுப்புவதை அந்த ஒரு மணி நேரத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டு, புதுப் படங்களை அடிப்படையாகச் சேமித்துக்கொண்டு, பிறகு திறந்துவிடுங்கள்.